கனடா இராணுவத்தில் நீர், எரிபொருள், சுற்றுச்சூழல் தொழில்நுட்பர் வேலை: தம்பி சேரலாமா?

கேள்வி: செபராங் ஜெயா வாசகி, பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி பாலிடெக்னிக்கில் வேதியியல் பொறியியல் டிப்ளோமா முடித்துவிட்டு, பிறையில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தான். பிறகு கனடாவுக்குச் சென்று, இப்போது அங்கே நிரந்தரவாசத் தகுதி பெற்றிருக்கிறான். அந்நாட்டு இராணுவத்தில் நீர், எரிபொருள், சுற்றுச்சூழல் தொழில்நுட்பர் என்ற பணிக்கு விண்ணப்பிக்கப் போவதாக அவன் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. இராணுவம் என்றாலே போர்முனை என்று அவர் அஞ்சுகிறார். எங்கள் மாமாவோ, குழாய் பழுது பார்ப்பதற்கா இவ்வளவு படித்தான் என்று கேட்கிறார்.

இந்தப் பணியில் உண்மையில் என்னதான் செய்வார்கள்? அதில் பெறும் பயிற்சி, பின்னாளில் அவன் பினாங்குக்கே திரும்பி வந்தால் இங்கே செல்லுபடியாகுமா? அவன் இன்னும் மலேசியக் குடிமகனாகத்தான் இருக்கிறான். அதற்கு இதனால் ஏதேனும் பாதகம் வருமா? இத்துறையை நேரில் அறிந்தவர்கள் விளக்கினால் அம்மாவுக்கு நான் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியும்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற பொறியியல் படைவீரர், கோலாலம்பூர்

வணக்கம் தங்கச்சி. நான் நம் நாட்டு இராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கனடா இராணுவத்தில் நான் இருந்ததில்லை என்றாலும், களத்தில் குடிநீர் தயாரிக்கும் வேலை எல்லாப் படைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியானது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் கேள்விக்கு வருகிறேன். கனடாவில் இந்தப் பணியில் இருப்பவர்கள் முகாம்களின் குடிநீர் விநியோகம், கழிவுநீர் அமைப்பு, எரிபொருள் சேமிப்பும் விநியோகமும், மாசுக் கண்காணிப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். குழாயும் பம்பும் அதில் உண்டு. அதை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையின் உயிர்நாடி, எங்கிருந்தோ இறைத்த நீரைக் குடிக்கலாம் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதில்தான் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை நம்பி ஒரு முகாமே தண்ணீர் குடிக்கும்.

களத்தில் அவர்களுடைய முக்கியக் கருவி, வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடிய ஆர்.ஓ. இயந்திரம், அதாவது நுண்ணிய சவ்வு வழியாக நீரை அழுத்தி உப்பையும் அழுக்கையும் பிரிக்கும் இயந்திரம். ஆற்று நீரோ கடல் நீரோ முதலில் மணல் வடிகட்டி வழியாகவும், பிறகு மெல்லிய வடிகட்டி உருளைகள் வழியாகவும் செல்லும். அதன் பின்னரே உயர் அழுத்தப் பம்பு அதைச் சவ்வுக்குள் தள்ளும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், அதற்கு 55 முதல் 70 பார் வரை அழுத்தம் தேவைப்படுகிறது. குளிர்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீரின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால், அதே அழுத்தத்தில் சவ்வு தரும் நீர் சுமார் 3 சதவீதம் குறைந்துவிடும். நம் ஊர் ஆற்று நீரில் பழகிய கைக்கு, பனிக்கட்டிக்கு அடியிலிருந்து இறைத்த நீரில் இயந்திரம் ஓட்டுவது முற்றிலும் வேறு வேலையாகத் தோன்றும்.

தண்ணீரையும் எரிபொருளையும் சுற்றுச்சூழலையும் ஏன் ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 2021 அக்டோபரில் வடகோடியிலுள்ள இக்கலுயிட் நகரின் குழாய் நீரில் எரிபொருள் கலந்திருப்பது தெரியவந்து, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மக்கள் அந்த நீரைக் குடிக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. அப்போது இராணுவம் தன் சுத்திகரிப்பு இயந்திரத்தைக் கொண்டுபோய், சில்வியா கிரின்னெல் ஆற்று நீரைச் சுத்திகரித்தது. எண்ணெய்க் கசிவு எப்படிப் பரவும் என்று அறியாதவரால் அத்தகைய இடத்தில் நல்ல நீருக்குப் பொறுப்பேற்க முடியாது.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கனடாவின் பேரிடர் உதவிக் குழு இலங்கையின் அம்பாறை மாவட்டத்துக்கு வந்து, அங்கே குடிநீர் தயாரித்துக் கொடுத்தது. உங்கள் தம்பி விரும்பும் வேலை அந்த வகையைச் சேர்ந்தது. அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவன் முதலில் படைவீரன். கியூபெக் மாநிலத்தின் சான் ஜானில் அடிப்படைப் பயிற்சியில் துப்பாக்கியும் பிடிப்பான், அனுப்பும் இடத்துக்கும் போவான். அதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்வதே நல்லது.

மறுமொழி 2: குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலைய வேதியியலாளர், பினாங்கு

அண்ணன் சொன்னதோடு ஆய்வு மேசைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொள்வது எளிது; நீரைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் காலம் பிடிக்கும். பினாங்கின் கச்சா நீரில் பெரும்பகுதி சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. மேற்பகுதியில் கனமழை பெய்தால் சில மணி நேரத்தில் கலங்கல் ஏறிவிடும். கலங்கலைத் திரட்டிப் படிய வைக்க நேற்று போட்ட படிகார அளவு இன்று போதாது. உடனே ஆறு குவளைகளில் அதே நீரை ஊற்றி, வெவ்வேறு அளவில் படிகாரம் இட்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, எந்தக் குவளையில் திரள் பெரிதாகி விரைவாக அடியில் படிகிறது என்று பார்க்கிறோம். பிறையில் கழிவுநீரில் வேலை செய்த உங்கள் தம்பிக்கு இந்தச் சோதனை கைவந்ததாக இருக்கும். பயிற்சியில் அவனுக்கு அது பெரிய பலம்.

குளோரின் விஷயத்தில் அவன் மிகக் கவனமாக இருக்க வேண்டும். நீர் மாதிரியில் டி.பி.டி. மாத்திரையைக் கரைத்தால், குளோரின் இருக்கும் அளவுக்கு இளஞ்சிவப்பு நிறம் வரும். ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அதுவே அந்த நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். குப்பியில் நிறமே இல்லாததைப் பார்த்து, குளோரின் இல்லை என்று எண்ணி மேலும் சேர்ப்பவர்கள் உண்டு. நிறம் ஒரு கணம் தோன்றி மறைந்தால், மாதிரியைக் குளோரின் இல்லாத நீரில் நீர்க்கச் செய்து மறுபடி பார்க்க வேண்டும். நம் நாட்டுத் தரப்படி சுத்திகரித்த நீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம், கார அமில அளவு (pH) 8-க்குக் கீழே இருக்கும்போது, குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்த அரை மணி நேரத்தைக் காத்திருக்காமல் குழாயைத் திறக்கச் சொல்லும் அதிகாரி எந்தப் படையிலும் இருப்பார்; அவரிடம் மறுத்துப் பேசும் துணிவை இந்த வேலைக்குரிய முதல் தகுதியாக நான் கருதுகிறேன்.

ஆர்.ஓ. சவ்வு கிருமிகளை நீக்கிவிடும்தானே, பிறகு குளோரின் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சவ்வைத் தாண்டி வந்த நீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ரப்பர் தொட்டியிலும் குழாயிலும் அது மறுபடி கெடும். அதே சமயம் குளோரின் சவ்வையே அரித்துவிடும் என்பதால், சவ்வுக்கு முன்னால் அதை நீக்கிவிட்டுப் பின்னால் சேர்க்க வேண்டும்.

மறுமொழி 3: சுற்றுச்சூழல் ஆலோசகர், செராஸ், கோலாலம்பூர்

பினாங்குக்குத் திரும்பி வந்தால் என்ன என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இங்குள்ள வேலைச் சந்தையில் அவனுக்குக் கைகொடுக்கப்போவது அந்தப் பணியின் சுற்றுச்சூழல் பாதிதான் என்பது என் கருத்து. 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கே குழாய் நீரின்றித் தவித்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முந்தைய ஆண்டு சுங்கை கிம் கிம்மில் கொட்டிய இரசாயனக் கழிவால் பாசிர் கூடாங்கில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். கழிவைக் கண்காணிக்கத் தெரிந்த ஆட்களுக்கு இங்கே தேவை குறையப்போவதில்லை.

ஆனால் நம் சட்டம் கேட்கும் சான்றிதழ் வேறு. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்ட அபாயகரமான கழிவு) விதிமுறைகளின்படி, பழைய எண்ணெய், பேட்டரி, எண்ணெய் படிந்த துணி முதலியவற்றை 180 நாள்களுக்கு மேலாகவோ 20 டன்னுக்கு மேலாகவோ இருப்பில் வைக்கக் கூடாது. அதைக் கவனிக்கும் தகுதியாளருக்குச் சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகமான ஐமாஸ்தான் சான்றிதழ் தருகிறது; வெளிநாட்டு இராணுவச் சான்றிதழைக் காட்டிவிட்டு அதைத் தவிர்க்க முடியாது. அனுபவம் கைகொடுக்கும், தேர்வை மறுபடி எழுத வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவன் இயக்கிய அமைப்பின் வகை, கொள்ளளவு, செய்த சோதனைகள், கையாண்ட கசிவுகள் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு பதிவேட்டில் எழுதி, அனுமதி உள்ள வரை மேலதிகாரியின் கையொப்பத்தையும் வாங்கி வைக்கட்டும். பணியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்துச் சான்று தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, தீயணைப்பு நுரையிலுள்ள பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், எளிதில் சிதையாத இரசாயனச் சேர்மங்கள். ஒண்டாரியோவின் நார்த் பே நகரில், விமான நிலையத்தில் முன்பு நடந்த இராணுவத் தீயணைப்புப் பயிற்சியின் நுரை, குடிநீர் ஆதாரமான டிரவுட் ஏரிவரை சென்றது. இத்தகைய 25 சேர்மங்களின் கூட்டளவு லிட்டருக்கு 30 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று கனடாவின் சுகாதார அமைச்சு 2024-இல் இலக்கு வைத்தது. அதில் பயிற்சி கிடைத்தால் தவறவிடக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிவதில் சோம்பல் கூடாது என்றும் அக்காவாக நீங்கள் சொல்லிவையுங்கள்.

செபராங் ஜெயா வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்பாறைச் செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் கேள்விகள் கேட்டார். குடியுரிமை பற்றி மட்டும் இன்னும் தெளிவு தேவை.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற பொறியியல் படைவீரர்

கனடா இராணுவம் 2022 நவம்பரில் நிரந்தரவாசிகளுக்கும் வாய்ப்பைத் திறந்துவிட்டது. ஆகவே விண்ணப்பிக்க அவன் அந்நாட்டுக் குடிமகனாக வேண்டியதில்லை. பின்னர் அவனாக விரும்பிக் கனடியக் குடியுரிமை பெற்றால், நம் அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவின்படி மலேசியக் குடியுரிமையைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அது தனி முடிவு. அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். இராணுவத்தில் சேரும்போது அந்நாட்டு மன்னருக்கு விசுவாச உறுதிமொழியும் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், கையெழுத்திடுவதற்கு முன்பே ஒட்டாவாவிலுள்ள நம் தூதரகத்துக்குக் கடிதம் எழுதி, எழுத்து வடிவிலேயே பதில் வாங்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புச் சரிபார்ப்பு நீண்டு போகலாம். அது முடியும் வரை கையிலுள்ள வேலையை விட வேண்டாம்.