பாய்லர் வெடித்து மூழ்கும் கப்பல்: எந்தப் படம்?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பெரியப்பா அறுபதுகளில் பார்த்த ஓர் ஆங்கிலப் படத்தின் பெயர் தெரிய வேண்டும். கலர் படம். பயணிகள் கப்பலில் பாய்லர் வெடிக்கிறது, பனிப்பாறை கிடையாது. மனைவி இரும்புத் தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ள, தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. கணவன் கேஸ் கட்டிங் டார்ச்சுக்கு அலைகிறான். பெரியப்பா தூத்துக்குடியில் வெல்டராக இருந்தவர், அந்த டார்ச்சைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். குழந்தையைப் பலகை போட்டு மீட்கும் காட்சியும் உண்டாம்.

1953 'டைட்டானிக்', 1958 'எ நைட் டு ரிமெம்பர்' இரண்டையும் போட்டுக் காட்டினேன். கறுப்பு வெள்ளை என்றதுமே "இது இல்லடே" என்றுவிட்டார். 1972 'பொசைடன் அட்வென்ச்சர்' ராட்சத அலையில் கவிழும் கப்பல், அதுவும் இல்லை. யூடியூபில் தேடினால் ஜேம்ஸ் கேமரூன் படம்தான் வருகிறது.

இது என்ன படம்?