உதவி: கர்னல் கம்பைல் செய்தபின் மடிக்கணினி எழவில்லை

ஈசூன்வாசி | இரவு 11.40
அவசரம். லினக்ஸின் மையநிரலான கர்னலை மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்து (கட்டி) நிறுவினேன். ரீபூட் செய்ததும் "கர்னல் பேனிக்" என்று திரை அப்படியே நின்றுவிட்டது. நாளைக் காலை துவாஸில் வேலை, இந்த மடிக்கணினி கட்டாயம் வேண்டும். என்ன செய்வது?

தெம்பனிஸ்தாரா | 11.46
எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த லினக்ஸ் வழங்கல்? எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போனீர்கள்? திரையில் இருக்கும் கடைசி வரி என்ன?

ஜூரோங்குமரன் | 11.49
செக்யூர் பூட்தான் காரணம், கையொப்பமில்லாத கர்னலை அது விடாது. பயாஸில் அணைத்துவிடுங்கள். எனக்கும் இதே தொல்லை வந்தது.

பழையகை | 11.55
2001இல் கர்னல் 2.4 வந்த நாளிலிருந்து கம்பைல் செய்து வருகிறேன். ஆவணத்தை ஒருமுறை படித்தவர்கள் இப்படித் தவிப்பதில்லை, தம்பி. வட்டை இயக்கும் என்விஎம்இ டிரைவரை மாட்யூலாக, அதாவது தனிக் கோப்பாக, விட்டிருப்பீர்கள். அதைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுங்கள்.

ஈசூன்வாசி | 12.03
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். டெபியன் 12. கர்னல் 6.1இலிருந்து 6.12. பழைய கட்டமைப்புக் கோப்பை நகலெடுத்து, புதிய தெரிவுகளுக்கு இயல்பு மதிப்பை இடும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கொடுத்தேன். பிறகு மேக், மாட்யூல்ஸ் இன்ஸ்டால், இன்ஸ்டால். கடைசியில் ஏதோ பிழை ஓடியது, பூட் மெனுவிலும் புதியது வரவில்லை. அந்த மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட் கிரப்பை நானே கையால் கொடுத்தேன். திரையில் ரூட்டை (கணினியின் கோப்புகள் உள்ள பிரிவை) மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்நோன் பிளாக் (0,0) என்று இருக்கிறது.

ஜூரோங்குமரன் | 12.07
எதற்கு இந்தப் பாடு? டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் 6.12 கட்டியே கிடைக்கிறது. ஐந்து நிமிட வேலை.

பழையகை | 12.10
கட்டிக் கொடுத்ததை வாங்கிப் போடுவதால் ஒருவருக்கும் அறிவு வளராது.

ஜூரோங்குமரன் | 12.12
ஐயா, விடிந்தால் அவருக்கு வேலை. அறிவை ஞாயிற்றுக்கிழமை வளர்க்கலாம். பாதுகாப்புத் திருத்தம் வரும் ஒவ்வொரு முறையும் அவரேவா உட்கார்ந்து கட்டுவார்?

பழையகை | 12.15
கட்டட்டும். நான் கட்டினேன்.

தெம்பனிஸ்தாரா | 12.19
இருவரும் சற்றுப் பொறுங்கள். செக்யூர் பூட் தடுத்திருந்தால் கர்னல் தொடங்கியே இருக்காது. இங்கே தொடங்கிய பிறகு அல்லவா விழுந்திருக்கிறது? (0,0) என்றால் ரூட் இருக்கும் வட்டையே கர்னல் காணவில்லை. என்விஎம்இ மாட்யூலாக இருப்பதில் தவறில்லை, தொடக்கத்தில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு அதை எடுத்துக் கொடுக்கும். அந்தக் கோப்புதான் உருவாகவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் பார்த்த பிழை அதுவாகத்தான் இருக்கும்.

கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் 6.1இல் நுழையுங்கள். பூட் பிரிவில் இடம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். டெபியனின் கட்டமைப்பில் டீபக் (பிழை தேட உதவும்) தகவல் இயக்கத்தில் இருக்கும். அதை நீக்காமல் நிறுவினால் மாட்யூல்கள் பல மடங்கு பருத்துவிடும், அவற்றைச் சேர்த்த இனிட்ராம்எஃப்எஸ் பூட் பிரிவில் அடங்காது. மாட்யூல்ஸ் இன்ஸ்டாலை, அந்தத் தகவலை நீக்கும் இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 சேர்த்து மறுபடி கொடுத்து, பிறகு மேக் இன்ஸ்டால்.

பழையகை | 12.24
ஸ்ட்ரிப் செய்வது சரிதான். ஆனால் என்விஎம்இயை உள்ளே கட்டியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஜூரோங்குமரன் | 12.26
ரூட்டை யூயூஐடியால் (கோப்பு முறையின் அடையாள எண்ணால்) குறித்திருந்தால் அப்போதும் இனிட்ராம்எஃப்எஸ் வேண்டுமே?

ஈசூன்வாசி | 1.32
பூட் பிரிவு 100 சதவீதம் நிறைந்திருந்தது. தாரா அக்கா சொன்னபடி செய்தேன், 6.12 எழுந்துவிட்டது. எம்டி7925 வைஃபை சிப்பும் வேலை செய்கிறது, அதற்காகத்தான் தொடங்கினேன். நன்றி. முதல் எம்ஆர்டியைப் பிடிக்க வேண்டும், படுக்கிறேன்.