அம்மாவின் கால் வீக்கத்துக்கு நெருஞ்சில் கஷாயம் கொடுக்கலாமா?

கேள்வி (யாங்கோன்):
வணக்கம். என் தாயாருக்கு வயது 68. இரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் 10 மில்லிகிராம் சாப்பிட்டு வருகிறார். சில வாரங்களாக மாலையானால் இரண்டு கணுக்கால்களும் வீங்கிவிடுகின்றன. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்லத்தான் நிரம்புகிறது. காலையில் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. உறவினர் ஒருவர் நெருஞ்சில், மூக்கிரட்டை வேர், அதிமதுரம் மூன்றும் கலந்த பொடியைத் தந்து, தேநீர் போலக் காலையும் மாலையும் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில் (தாட்டோன்):
நெருஞ்சிலும் மூக்கிரட்டையும் சிறுநீரைப் பெருக்குபவை என்று சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கி வருபவை. எங்கள் பாட்டியும் நெருஞ்சில் முள்ளை ஒன்றிரண்டாக இடித்து, நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்கவைத்து, வடிகட்டித் தருவார். ஆனால் அதிமதுரம் சேர்ந்த பொடியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். இருமலுக்கு அது நல்லதுதான். தொடர்ந்து குடித்தாலோ உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். உங்கள் தாயாருக்கு வேண்டாதவை அத்தனையும் அதில் இருக்கின்றன.

பதில் (மோல்மீன், மருந்தகப் பணியாளர்):
எனக்கு முதல் சந்தேகம் அம்லோடிபின் மீதுதான். அது நுண்ணிய தமனிகளை விரியச் செய்வதால் இரத்தத்திலுள்ள நீர் திசுக்களுக்குள் கசிந்து கணுக்காலில் இறங்குகிறது. 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இது கூடுதலாகக் காணப்படும். உடம்பில் நீர் மிகுந்துவிட்டதால் வரும் வீக்கம் அல்ல என்பதால், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையே இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. கஷாயம் எப்படி உதவும்? அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்.

மூக்கிரட்டையில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும். ஆகவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை செய்யாமல் அந்த வேரை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, ஆடுசதை வலித்துச் சூடாக இருந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சு வாங்கினாலும் அப்படியே.

பதில் (பகோ):
உப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நம் பர்மியத் தமிழ் வீடுகளில் ஙப்பியும் (மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது) கருவாடும் ஊறுகாயும் ஒரே இலையில் விழுகின்றன. அந்த அளவு காலைச் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும். படுக்கும்போது கால்களை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில் வைத்தால் வீக்கம் சற்று வடியும்.

இன்னொன்றும் உண்டு. நன்கு தீட்டிய அரிசிச் சோற்றையே பெரிதும் உண்பவர்களுக்கு வைட்டமின் பி1 குறைந்து, பெரிபெரியாலும் கால் வீங்கும். ஊறவைத்த தேயிலையான லப்பேயில் உள்ள துவர்ப்புச் சத்து அந்த வைட்டமினை மேலும் கெடுக்கிறது. தாயார் என்ன சாப்பிடுகிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பொடியைக் கொடுக்கவில்லை. மாத்திரை அட்டையையும் அந்தப் பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நாளை மருத்துவரிடம் போகிறோம். கிரியேட்டினின் பரிசோதனையும் கேட்கிறேன்.