படத்தில் கோர்வை எங்கே? பட்டுச் சேலைகளோடு பணிபுரிவோரின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து ஓர் ஒளிப்படக் கலைஞர், ஆசிரியர்:

இந்தத் தொழிலில் சந்தித்தவர்களுள் மறக்க முடியாதவர் யார் என்ற கேள்விக்கு, நண்பர்கள் பலர் நடிகைகளையும் மாடல்களையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, என் வகுப்பறைக்கு ஒரே ஒரு முறை வந்துபோன காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரைப் பற்றி.

அதற்கு முன், பட்டைப் படமெடுப்பதில் உள்ள சிக்கலைச் சொல்ல வேண்டும். பருத்தித் துணி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால், விளக்கு சற்றே இடம் மாறினாலும் அது பொறுத்துக்கொள்ளும். பட்டு பொறுக்காது, சரிகை அதனினும் கடினம். அசல் சரிகை என்பது பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. உலோகமாகையால், தன் எதிரில் இருப்பதையே திருப்பிக் காட்டும். எதிரில் இருட்டான சுவர் இருந்தால் சரிகை கறுத்துவிடும்; சிறிய விளக்கு மட்டும் இருந்தால் ஓரிடத்தில் வெளுத்து, மற்ற இடமெல்லாம் மங்கிக் கிடக்கும். ஆதலால்தான் கரைக்கு எதிரே ஆளுயர வெள்ளைப் பரப்பு ஒன்றை, பெரும்பாலும் தெர்மாகோல் பலகையை, நிறுத்துகிறோம். லென்ஸில் போலரைசர் எனப்படும் வடிகண்ணாடியை மாட்டினால் மினுக்கம் அடங்கிவிடும் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. அது பட்டின் பளபளப்பைத்தான் குறைக்கும். உலோகத்தின் எதிரொளிப்பை அந்தக் கண்ணாடியால் மட்டும் அடக்க முடியாது. சேலைக்கு அழகு தருவதை இழந்து, தொல்லை தருவதை வைத்துக்கொள்வதாகவே அது முடியும்.

நான் உதவியாளனாகச் சேர்ந்தது 1990களின் தொடக்கத்தில். அப்போது 120 எனப்படும் அகலப் படச்சுருளில் 6 சென்டிமீட்டர் சதுரப் படங்கள் பன்னிரண்டு மட்டுமே கிடைக்கும். ஸ்லைடு ஃபிலிமில் ஒளி அரை ஸ்டாப் (ஒளியளவின் அரைப் படி) கூடினாலே சரிகை வெளுத்துப்போகும் என்பதால், முதலில் உடனே படம் தரும் போலராய்டில் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்து, விளக்கைத் திருத்தி, அதன் பிறகே சுருளைத் தொடுவோம். தெர்மாகோல் பிடிப்பதும், மடிப்புக்குப் பின்னால் ஊக்குக் குத்துவதும் என் வேலை. ஒளியைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கற்றதே. துணியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பது மட்டும் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டு மாணவர்கள் இருந்த ஒரு வகுப்பில், மாணவர் ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்த தம் தாய்மாமனை அழைத்துவந்து பின்வரிசையில் அமர வைத்தார். தீபாவளி விளம்பரம் ஒன்றுக்காக நான் எடுத்த படத்தை அன்று திரையில் காட்டி, ஒளியமைப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். அரக்கு நிற உடல், பச்சைக் கரை, கனமான முந்தானை. என் படங்களில் நான் மிகவும் பெருமைப்பட்ட படம் அது. வந்தவருக்கு மரியாதை செய்யும் எண்ணத்தில், “ஐயா, உங்கள் பார்வைக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் எழுந்து திரையருகே வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

“படம் நல்லாத்தான் இருக்குங்க. கோர்வை எங்கே?”

எனக்கு விளங்கவில்லை. கரைதான் தெரிகிறதே என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கு இழை. அந்த இழையைக் கொண்டுசெல்லும் நாடாக்கள் மூன்று ஓடும். தறியில் அமர்ந்தவர் ஒரு பக்கமும், துணைக்கு இருப்பவர் மறுபக்கமும் நாடாவை வாங்கிக் கொடுக்க, இரண்டு நிறங்களும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சேர்மானம் நுண்ணிய பல்வரிசைபோல முகப்பில் தெரியும். புறத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும். என் படத்தில் அந்த இடம் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடாக இருந்தது. “அச்சடிச்ச கரை மாதிரி இருக்குங்க” என்றார். குறைகூறும் தொனியே அவர் குரலில் இல்லை. ஏதோ ஒன்று தொலைந்துவிட்டது, சேர்ந்து தேடலாம் என்பதுபோல் இருந்தது.

அன்றிரவு திருத்தப்படாத மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். பல்வரிசை அப்படியே இருந்தது. கரையோரம் பிசிறாகத் தெரிகிறது, சுத்தம் செய்யுங்கள் என்று படத்தைக் கணினியில் திருத்தி ரீடச் செய்பவருக்குக் குறிப்பு எழுதியவன் நான். அவர் முடித்து அனுப்பியதைப் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் அளித்தவனும் நானே. இரண்டு பேர் நாட்கணக்கில் தறியில் அமர்ந்து கோத்ததைப் பிழையென்று எண்ணி அழித்திருக்கிறேன். அந்தப் படம் அதற்குள் நகரெங்கும் ஒட்டப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு என் வகுப்பின் முதல் நாளில் கேமராவுக்கு இடமில்லை. ஐந்தரை மீட்டர் சேலையைப் பாயில் விரித்து, ஆளுக்கொரு நூலெண்ணும் கண்ணாடியைக் கொடுத்து, முகப்பையும் புறத்தையும் பார்த்து எழுதச் சொல்கிறேன். பெரும்பாலும் மயில்கழுத்து நிறத்தையே தேர்ந்தெடுப்பேன். நீலம் ஒரு திசையிலும் பச்சை மறு திசையிலும் ஓட, நீளவாக்கில் செல்லும் பாவும் குறுக்கே செல்லும் ஊடையும் ஒளியை வெவ்வேறு பக்கம் திருப்புவதால், மடிப்பு சாயும்போது நிறம் மாறுகிறது. கேமராவின் நெற்றியிலிருந்து நேராக ஃபிளாஷ் அடித்தால் இரண்டும் கலந்து ஒரே நிறமாகிவிடும். பக்கவாட்டில் தாழ்ந்து வரும் ஒளியில்தான் ஒவ்வொரு கொசுவத்திலும் இரண்டும் தனித்து எழும். இதைக் கையால் புரட்டிப் பார்த்த மாணவர், விளக்கை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்பதில்லை.

அந்த நெசவாளரின் மருமகன்:

சார் குறிப்பிட்டவர் என் தாய்மாமன். அன்று கோயம்பேட்டில் பேருந்து ஏற்றிவிடச் சென்றபோது, “வாத்தியார் மனசு நோக எதாவது சொல்லிட்டேனா?” என்று மாமா மூன்று முறை கேட்டார். அடுத்த வாரமே சார் காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்டு வந்து, ஒரு பகல் முழுவதும் தறியருகே அமர்ந்திருந்ததை அவர் இங்கே எழுதவில்லை, நான் எழுதுகிறேன். மாமா வீட்டில் அந்த நாளைப் பற்றி இன்றும் பேசுவார்கள்.

இப்போது நான் இணைய விற்பனைக்காகச் சேலைகளைப் படமெடுக்கிறேன். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது சேலைகள் எடுக்க வேண்டிய வேலையில் கோர்வையைப் பார்க்க நேரம் ஏது என்று பலர் கேட்கிறார்கள். நேரம் குறைவுதான். ஆனால் தவறான படத்தால் சேலை திரும்பி வந்தால் ஆகும் நேரம் அதனினும் அதிகம். நெருக்கமான சிறு கட்டங்கள் கொண்ட சேலையில், ஒளியைப் பதியும் கேமரா சென்சாரின் கட்டமைப்போடு நெசவு மோதி, துணியில் இல்லாத வண்ண அலைகள் படத்தில் தோன்றும். ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்தாலோ, கோணத்தைச் சற்றே மாற்றினாலோ அவை பெரும்பாலும் மறைந்துவிடும். கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டால், அலையோடு நெசவும் போய்விடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த சந்திப்பு வேறு. மாநிறத்துக்கும் சற்றுக் கூடுதலான கருமை கொண்ட மாடல் ஒருவரை எடுத்தபோது, முகத்தை வெளுப்பாக்கித் தரும்படி வாடிக்கையாளர் கேட்டார். அந்தப் பெண் அருகிலேயே நின்றிருந்தார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. படத்தின் வெளிச்சத்தை அவர் கேட்டபடியே ஏற்றிக் காட்டினேன்: மல்லிகை ஒரு வெள்ளைத் திட்டாயிற்று, சரிகை வெளுத்தது, அரக்கு ரோஜா நிறத்துக்குப் போயிற்று. பிறகு சார் கற்றுத்தந்தபடி, சரிகை வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியளவை) நிறுத்தி, முகத்துக்கு மட்டும் தெர்மாகோலால் ஒளி திருப்பி எடுத்ததைப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பெண்ணின் நிறம் அவருடையதாகவே, ஒளிர்ந்து தெரிந்தது. வாடிக்கையாளர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். சேலைக்காகத்தான் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்காகவும் எடுத்திருக்கலாம் என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது.

படப்பிடிப்புகளில் சேலை கட்டிவிடும் பெண்மணி ஒருவர்:

தம்பி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. 20 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பணியில் இருக்கிறேன். என்ன துணி, எங்கே நெய்தது என்று என்னிடம் கேட்ட ஒளிப்படக் கலைஞர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் துணி எப்படி விழும் என்பது எங்கள் கைக்குத்தான் முதலில் தெரியும். புதுப் பட்டு விறைப்பாக நிற்கும். கொசுவத்தை எட்டிலிருந்து ஆறாகக் குறைத்து அகலமாக வைத்தால்தான் இடுப்பில் புடைக்காமல் இறங்கும். கனமான சரிகை முந்தானையைத் தோளில் ஒரே ஊக்கில் நிறுத்தினால் இழை கிழியும் என்பதால், உள்ளே சிறு துணி வைத்து இரண்டு இடத்தில் குத்துவேன். காலையில் கட்டிய சேலையோடு மாலைவரை நிற்கும் மாடல்கள் தோள்வலி பற்றி வாய் திறப்பதில்லை. இடைவேளையில் முந்தானையை எடுத்து அவர்கள் மடியில் போட்டு உட்காரவைப்பதும் என் வேலை என்றே கொண்டிருக்கிறேன்.

சென்ற ஆவணியில் ஒரு படப்பிடிப்பில், கேமராவுக்குப் பின்னால் நின்ற இளைஞர் விளக்கை ஏற்றுவதற்கு முன் என்னிடம் வந்து, “அக்கா, இது கோர்வையா? புறத்தைப் பார்க்கலாமா?” என்று கேட்டார். கரையைத் திருப்பிக் காட்டினேன். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, முன்கொசுவத்தைச் சற்றே விலக்கி அந்தச் சேர்மானம் தெரியும்படி வைக்கச் சொன்னார். எந்த வகுப்பில் படித்தவர் என்று அன்று நான் கேட்கவில்லை. இந்தப் பதிவுகளைப் படித்த பிறகு, கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.