மான் வேட்டைக்கு முதல் வில், விலை குறைவாக

கோத்தகிரியிலிருந்து கேட்கிறேன். வேலை மாறி அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்துக்குப் போகிறேன், அங்கே மச்சான் வில்லோடு மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். எதை வாங்கலாம்?

— முதலில் ஒன்று, பழகுகிறேன் என்று முதுமலைப் பக்கம் கிளம்பிவிடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை ஜெயில்தான். அங்கே மானுக்குக் குறைந்தது 40 பவுண்டு இழுவிசை வேண்டும். செகண்ட் ஹேண்ட் காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்தது) போதும், ஆனால் லிம்ப், அதாவது வில்லின் வளையும் பகுதி மேல் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், எங்காவது பஞ்சு சிக்கினால் விரிசல், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

— அண்ணா சொன்னது சரி. அப்புறம் இழுப்பு, அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுப்பீர்கள் என்ற அளவு: இரண்டு கையையும் விரித்து அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். 70 வந்தால் 28 அங்குல இழுப்பு. அம்புக்கும் காசு ஒதுக்குங்கள், நான் அதை மறந்துவிட்டு இரண்டு மாதம் வில்லை மாட்டி வைத்து அழகு பார்த்தேன்.

— கை விரித்தால் 68 வருகிறது. 27 போட்டுக்கொள்கிறேன், நன்றி.