புதுப்பிப்பு: மகளின் படிப்புக்கு எந்தப் படைவீரர் கல்விச் சலுகையைத் தேர்ந்தோம்

என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி, நிரந்தர முழு ஊனம் என மதிப்பிடப்பட்டவர். கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்த மகளுக்கு, அவர் பணியில் இருந்தபோதே பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவைத்த ஜி.ஐ. பில் (படைவீரர்களுக்கு மாதக் கணக்கில் தரப்படும் கல்விச் சலுகை) மாதங்களைச் செலவிடுவதா, 35ஆம் அத்தியாய உதவித்தொகையை (இத்தகைய ஊனமுற்ற படைவீரரின் குடும்பத்தார் படிக்க மத்திய அரசு மாதந்தோறும் தருவது) எடுப்பதா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலித்தது, "முதலில் மாநிலக் கட்டண விலக்கைப் பாருங்கள்" என்ற யோசனைதான். படைவீரர்களின் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணத்தைக் கலிஃபோர்னியா தள்ளுபடி செய்யும் அந்த விலக்கில் ஏ, பி எனத் திட்டங்கள் உண்டு. ஏ திட்டத்துக்கு வருமான வரம்பு இல்லை, ஆனால் 35ஆம் அத்தியாயத்தை உடன் பெற முடியாது. பி திட்டத்தில் பிள்ளையின் வருமானத்துக்கு வரம்பு உண்டு, ஆனால் விலக்கு, உதவித்தொகை இரண்டையும் சேர்த்தே பெறலாம். மகளுக்கு வருமானம் சொற்பம் என்பதால் பி திட்டத்துக்குக் கவுண்டி (மாவட்ட) படைவீரர் சேவை அலுவலகத்திலும், உதவித்தொகைக்கு 22-5490 படிவத்திலும் விண்ணப்பித்தோம், இரண்டும் கிடைத்தன.

எதிர்பாராதவை இரண்டு. உதவித்தொகை மாதம் முடிந்த பிறகே, அதுவும் மாணவரின் கணக்குக்கே வருகிறது; எனவே முதல் பருவத்துப் புத்தகங்களை, விலக்கில் அவை அடங்காததால், கைப்பணத்தில்தான் வாங்கினோம். அடுத்து, பணி ஓய்வுக்குப் பின் ஜி.ஐ. பில்லில் புதுப் பெயரைச் சேர்க்க முடியாவிட்டாலும், முன்பே சேர்த்த பிள்ளைகளுக்கிடையே மாதங்களை மாற்றிக்கொள்ளலாம். மகளின் பங்கில் ஒரு மாதத்தை மட்டும் விட்டுவிட்டு (பெயர் அழியாமல் இருக்கட்டுமே என்றுதான்) மீதியை வெளிமாநிலத்தில் படிக்க விரும்பும் மகனுக்கு மாற்றினோம். அவன் அதை 26 வயதுக்குள் பயன்படுத்த வேண்டும்.