பொள்ளாச்சியிலிருந்து டெல்லிக்கு இளநீர்: ரீஃபர் லாரியிலும் கெடுவது ஏன்?

தோப்புக்காரர்:
வணக்கம். பொள்ளாச்சியில் இளநீரைச் சூடாக்காமல், வடிகட்டி, 200 மி.லி. பாட்டில்களில் அடைத்து விற்கிறோம். கோவை வரை எந்தக் குறையும் இல்லை. பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் வழியாக டெல்லிக்கு அனுப்பும்போது, ரீஃபர் லாரியின் (குளிர்பதன லாரி) கூலிங் யூனிட்டை 4 டிகிரியில் வைத்திருந்தும், ஓரத்துப் பெட்டிகள் நன்றாக இருக்க, நடுவில் அடுக்கியவற்றில் மட்டும் சில பாட்டில்களின் மூடி உப்பியும் இளநீர் இளஞ்சிவப்பாக மாறியும் போய்ச் சேர்கின்றன. வழி முழுவதும் திரையில் 4 டிகிரிதான் காட்டியது என்று லாரிக்காரர் உறுதியாகச் சொல்கிறார். உள்ளே டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்தால் சரியாகுமா?

குளிர்பதனப் பொறியாளர்:
லாரிக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஏனெனில் அந்தத் திரை காட்டுவது காற்றின் வெப்பநிலையைத்தான், பாட்டிலுக்குள் இருக்கும் இளநீரின் வெப்பநிலையை அன்று. ஏற்றும்போது இளநீர் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. என் சந்தேகம் அங்கேதான். ரீஃபர் லாரி குளிர்ந்த சரக்கைக் குளிர்ச்சி மாறாமல் கொண்டுபோகச் செய்யப்பட்டதே தவிர, சரக்கைக் குளிர வைப்பதற்காக அன்று. உதாரணமாக, 5 டன் இளநீரை 18 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 81 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 5 கிலோவாட் திறனுள்ள யூனிட் வேறு எந்த வேலையும் இல்லாமல் இதை மட்டுமே செய்தாலும் 16 மணி நேரம் ஆகும். மே மாத நாக்பூர் வெயிலில் சுவர் வழியாக நுழையும் வெப்பத்தையும் அதே யூனிட்தான் சமாளிக்க வேண்டும். மூடிய அட்டைப் பெட்டிகளை நெருக்கி அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளும் சுற்றிவிட்டால், நடுவில் உள்ள பாட்டில்கள் குளிர நாள்கணக்கில் ஆகலாம். ஆகவே குளிர் அறையிலேயே 2 அல்லது 3 டிகிரிக்குக் கொண்டுவந்து, நடுப்பெட்டியில் ஒரு பாட்டிலைத் திறந்து வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். லாரியின் கூண்டையும் முன்கூட்டியே குளிர்வித்திருக்க வேண்டும்.

டிரை ஐஸ் வேண்டாம். அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி, அருகிலுள்ள பாட்டில்கள் உறைந்து வெடிக்கும், தள்ளியிருப்பவற்றுக்குப் பயன் இராது. அதிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு மூடிய கூண்டில் தேங்குவதால், உள்ளே ஏறும் ஆளின் உயிருக்கே ஆபத்து.

உணவுப் பாதுகாப்பு:
ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இளநீர் அமிலம் குறைந்த பானம், அதன் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் கூடினால் அமிலம் குறைவு) பொதுவாக 4.6-க்கு மேல்தான் இருக்கும். அந்த நிலையில், காற்றுப் புகாமல் அடைத்த பாட்டில் குளிர்ச்சி இழந்தால், பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. அந்த நச்சு நிறத்திலோ மணத்திலோ தெரிய வேண்டும் என்பதில்லை. எனவே உப்பியவற்றை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை விற்காதீர்கள். அந்த லோடு முழுவதையும் நிறுத்தி வையுங்கள். உயர் அழுத்தப் பதப்படுத்தல் (சூடாக்காமல், மிகுந்த அழுத்தத்தால் கிருமிகளைக் குறைக்கும் முறை) செய்தாலும் குளிர்ச்சி கட்டாயம்.

லோடு மேலாளர்:
அட்டைப் பெட்டிக்குப் பதிலாகத் துளையுள்ள க்ரேட் பயன்படுத்துங்கள். கூரைக்கும் சரக்குக்கும் நடுவே காற்று ஓட இடம் விடுங்கள். தரையில் பேலட் (சரக்கை அடுக்கும் தட்டு) போட்டு அதன்மேல் அடுக்குங்கள். டீசலை மிச்சப்படுத்த, சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடங்களில் யூனிட்டை அணைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நடுப்பேலட்டின் உள்ளே வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஒரு டேட்டா லாகரையும் கதவோரம் இன்னொன்றையும் வைத்து, அவற்றின் பதிவைப் பார்த்தே சரக்கை ஏற்பதாக வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றும்போதே சூடாக இருந்ததா, வழியில் யூனிட் நின்றதா என்பதை அந்தப் பதிவே காட்டிவிடும்.